நடைபாதை இருந்தும் ரோட்டில் நடப்பவர் பக்கம்தான் நான்

"நடைபாதை போட்டுக் கொடுத்தாலும் நம்ம ஜனங்க ரோட்டுலதான் நடப்பாங்க." சென்னையில் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை எங்கும் கேட்கிற பேச்சு இது. விபத்துச் செய்தி எழுதினாலும் "அஜாக்கிரதையாகச் சாலையைக் கடக்க முயன்றபோது" என்ற தொடர் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. நடப்பவருக்கு ஒழுங்கு இல்லை, பொறுமை இல்லை, சாலை விதி தெரியவில்லை என்று பழி முழுக்க அவர் தலையில் விழுகிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நடைபாதையை விட்டுச் சாலையோரம் இறங்கி நடக்கிறவர் அந்தத் தெருவை நன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் இறங்குகிறார். அவர் போட்ட கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தப்பு நடைபாதையில்தான். எத்தனை கிலோமீட்டர் நடைபாதை போட்டோம் என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறோம். அதில் கீழே இறங்காமல் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதை மட்டும் யாரும் அளப்பதில்லை.

பேருந்து ஓடுகிற நடுத்தரமான ஒரு சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி அரைக் கிலோமீட்டர் நடந்தால் வீடு. இறங்கிய இடத்திலேயே முதல் தடை. நிழற்குடை நடைபாதையின் மொத்த அகலத்தையும் எடுத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே காத்திருப்பவர்களை இடித்துக்கொண்டு போக முடியாது, சாலையில் இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். மறுபடி ஏறினால் முப்பது நாற்பது அடிக்கு நல்ல தரை, இன்டர்லாக் கல் பதித்திருப்பார்கள். அதன் பிறகு மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், கதவு பாதி திறந்து வயர் வெளியே தெரிகிறபடி. மழைக்காலத்தில் அதை உரசிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது, இறங்கிவிடுவோம். ஏறினால் அடுக்குமாடி வீட்டின் கேட், அதற்காக வெட்டிய சரிவு. அதைத் தாண்டினால் இரட்டைக் கம்பத்தில் டிரான்ஸ்பார்மர். அதற்கடுத்து மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று உடைந்திருக்கிறது. யாரும் உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று அக்கம்பக்கத்தார் ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருக்கிறார்கள். பிறகு மெக்கானிக் கடை, ரிப்பேருக்கு வந்த ஏழெட்டு வண்டிகள். இப்படி ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏற வேண்டுமென்றால், மூன்றாவது முறை இறங்கிய பிறகு திரும்ப ஏறுவதற்கு யாருக்கும் காரணமே இல்லை. கையில் காய்கறிப் பையும் இடுப்பில் பிள்ளையுமாக வருகிறவருக்கு முதல் முறையே போதும். குழாயில் நடுவே ஓர் அடி இல்லையென்றால் மீதி நூறு அடிக் குழாயாலும் தண்ணீர் வராது. நடைபாதையும் அப்படித்தான். ஓர் இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் வீண்.

ஏறி இறங்குவதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், அந்தப் படியின் உயரத்தையும் பார்க்க வேண்டும். நடப்பவர்களுக்கான வசதிகள் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. நடைபாதையின் விளிம்பு சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது அது. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் வந்தால் விலகிப் போக முடிகிற அகலம் அது. நம் ஊரில் நடைபாதையின் உயரத்தைத் தீர்மானிப்பது பல இடங்களில் நடப்பவரின் முழங்கால் அல்ல, அடியில் ஓடும் மழைநீர் வடிகாலின் உயரம். வடிகாலைக் கட்டி முடித்து மேலே பலகை போட்டு மூடினால் அதுவே நடைபாதை என்று ஆகிவிட்டது. அதனால்தான் ஓரிடத்தில் ஒரு சாண், இன்னோரிடத்தில் ஒன்றரை அடி என்று உயரம் மாறிக்கொண்டே இருக்கிறது. மூட்டுவலி உள்ள அறுபது வயதுக்காரர் அதில் ஏறவில்லை என்றால் அவரிடம் ஒழுங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

கேட் விஷயத்தை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் நம்முடைய மனப்போக்கு முழுவதும் அந்த நாலடிச் சரிவில் தெரிந்துவிடுகிறது. காரும் நடப்பவரும் குறுக்கிடும் இடம் அது. யாராவது ஒருவர் ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் நடப்பவர்தான் ஏறி இறங்குகிறார். காருக்காக நடைபாதையை அறுத்துச் சாய்த்திருக்கிறோம். இதைத் திருப்பிப் போட முடியும். நடைபாதை அதே உயரத்தில் நேராகப் போகட்டும், கார் அதன் ஓரத்தில் உள்ள சின்னச் சரிவில் ஏறி, நடைபாதையைக் குறுக்கே கடந்து உள்ளே போகட்டும். ஓட்டுகிறவருக்கு இதனால் இரண்டு விநாடி தாமதம், அவ்வளவுதான். வேகமும் தானாகக் குறையும். பிரதான சாலையில் குறுக்குத்தெரு வந்து சேரும் இடத்திலும் இதையே செய்யலாம். நடைபாதையின் உயரத்துக்கே தெருவை மேடாக்கிவிட்டால் திரும்புகிற வண்டி மெதுவாகத்தான் திரும்ப முடியும். இதற்கென்று புதிதாக ஒரு தொழில்நுட்பமும் தேவையில்லை. அதே சிமென்ட், அதே கல், அதே கொத்தனார். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற முடிவு மட்டும் மாற வேண்டும்.

நடப்பவர்கள் சிறுபான்மை, வண்டியில் போகிறவர்களே பெரும்பான்மை என்ற எண்ணம் வண்டியிலிருந்து பார்க்கும்போது வருவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலை செய்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நடந்தே வேலைக்குப் போனார்கள். காரில் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இதில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சேரவில்லை, கடைக்கும் கோயிலுக்கும் ரேஷனுக்கும் போகிறவர்கள் சேரவில்லை. சென்னையில் மாநகரப் பேருந்தில் நாளொன்றுக்கு 30 லட்சம் முறைக்கும் மேல் மக்கள் ஏறி இறங்குகிறார்கள். அந்த ஒவ்வொரு பயணமும் நடையில் தொடங்கி நடையில்தான் முடிகிறது. மெட்ரோவுக்கும் அதுவே. பல ஆயிரம் கோடி செலவில் சுரங்கம் தோண்டி ரயில் விடுகிறோம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முந்நூறு மீட்டர் பத்திரமாக நடக்க வழியில்லை என்றால், வசதி உள்ளவர் மறுநாள் பைக்கை எடுத்துவிடுவார்.

இந்த அலட்சியத்துக்கு நாம் கொடுக்கும் விலையும் பதிவாகியிருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 பேர். ஒரு ரயில் கவிழ்ந்து 90 பேர் இறந்தால் அமைச்சர் பதவி விலக வேண்டும் என்று கேட்போம். தினமும் அதே எண்ணிக்கையில், ஆனால் தனித்தனித் தெருக்களில், ஒவ்வொருவராகச் சாகிறார்கள் என்பதால் யாரிடமும் கேள்வி போவதில்லை. இது என்னை மிகவும் வருத்துகிறது.

கொள்கை இல்லாமலும் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களிலாவது பாதுகாப்பான, தொடர்ச்சியான நடைபாதை வேண்டும், நடப்பவர் சாவு அறவே இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதினார்கள். 'தொடர்ச்சியான' என்ற சொல் அப்போதே அதில் இருந்தது. நீதிமன்றமும் வாய் திறந்துவிட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். உடைந்த எலும்புகளைச் சேர்த்து வைக்கும் மருத்துவர் ஒருவர், எலும்பு உடைகிற இடத்தையே சரிசெய்யச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கொள்கை இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. பிறகு ஏன் நடக்கவில்லை? நடைபாதைக்குச் சொந்தக்காரர் இல்லை என்பதே என் பதில். தரை மாநகராட்சியுடையது, சில சாலைகளில் நெடுஞ்சாலைத் துறையுடையது. மேலே நிற்கும் பெட்டியும் கம்பமும் மின்வாரியத்துடையவை. அடியில் குடிநீர் வாரியத்தின் குழாய், தொலைபேசி நிறுவனங்களின் கேபிள். நிறுத்தியிருக்கும் வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டியது போக்குவரத்துக் காவல். இவர்கள் ஒவ்வொருவருக்கும் நடைபாதை என்பது தங்கள் பொருளை வைக்கக் கிடைத்த காலி இடம். யாருக்கும் அது போக்குவரத்தாகத் தெரிவதில்லை. சாலையின் நடுவே பில்லர் பாக்ஸ் வைக்க எந்தப் பொறியாளருக்கும் கை வராது, ஏனென்றால் அது வண்டி போகும் இடம். நடைபாதையும் ஆள் போகும் இடம்தான் என்ற எண்ணம் அதே அளவுக்கு உறைத்திருந்தால் அங்கேயும் வைத்திருக்க மாட்டார். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சாலையை வடிவமைப்பதிலும் கட்டுவதிலும் பராமரிப்பதிலும் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிர் போனால் அல்லது உடல் ஊனமானால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓர் உயிருக்கு ஒரு லட்சம் என்பது மிகக் குறைவு என்பேன். ஆனாலும் குற்றம் நடப்பவருடையது மட்டுமில்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் பிரிவைக் கையில் எடுக்கத்தான் ஆளில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். நடைபாதையை அகலமாக்கினால் சாலை குறுகும், டிராஃபிக் ஜாம் ஆகும் என்பது முதல் மறுப்பு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நம் சாலைகள் ஒரே அகலத்தில் இல்லை. ஓரிடத்தில் மூன்று வரிசை வண்டி போகலாம், நூறு மீட்டர் தாண்டினால் இரண்டு வரிசைதான் போக முடியும். ஒரு சாலையில் எவ்வளவு வண்டி போகும் என்பதை அதன் மிகக் குறுகலான இடம்தான் முடிவு செய்கிறது. அகலமான இடத்தில் மிஞ்சுகிற அடிகள் ஓட்டத்துக்கு உதவுவதில்லை, அங்கே வண்டிகள் நிறுத்தப்படுகின்றன, பிறகு குறுகலில் முட்டிக்கொள்கின்றன. மொத்தச் சாலையையும் ஒரே சீரான அகலத்துக்குக் கொண்டுவந்து மிச்சத்தை நடைபாதைக்குக் கொடுத்தால் வண்டிகளுக்கும் நஷ்டமில்லை. தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். பண்டிகை நாட்களில் அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் எவ்வளவு தேவையற்றது என்று தெரியும். ஆனால் பாண்டி பஜார் ஒன்றைக் காட்டியே எத்தனை நாள் பேசுவது? கிரானைட்டும் அலங்கார விளக்கும் எல்லாத் தெருவுக்கும் வேண்டாம். வியாசர்பாடிக்கும் வேளச்சேரிக்கும் வேண்டியது சாதாரண சிமென்ட் தரைதான், அறுபடாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது மறுப்பு, நடைபாதையை மீட்பது என்றால் முதலில் அடிபடுவது பூக்காரம்மாவும் தள்ளுவண்டிக்காரரும்தான் என்பது. இது வெறும் மறுப்பு இல்லை, நியாயமான பயம். 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று சொல்லிக்கொண்டு லாரி வரும்போது தராசும் குடையும் கூடையும்தான் லாரியில் ஏறுகின்றன. பெரிய கடை நடைபாதையின் மேல் கட்டிய படிக்கட்டு அப்படியே நிற்கிறது. இடத்தை அளந்து பார்த்தால் உண்மை புரியும். பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பவர் எடுப்பது ஒரு சதுர மீட்டர் இருக்கும். ஓரமாக நிறுத்திய ஒரு கார் பத்துச் சதுர மீட்டர் எடுக்கிறது, அதுவும் நாள் முழுக்க, அநேகமாகக் காசே கொடுக்காமல். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து வரும் தெருவில் இட்லிக்கடை விளக்கு எரிவது துணை, மூடிக் கிடக்கும் கார் வரிசை துணையாகாது. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது, அதில் குறைந்தது 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது, கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்து இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் 1.8 மீட்டர் நடக்க விட்டு, அதற்கு வெளியே, சாலையை ஒட்டிய பக்கத்தில் கடைகளுக்கு இடம் பிரிக்கலாம். மரம், கம்பம், பெட்டி, நிழற்குடை எல்லாம் அதே வரிசையில் வந்துவிடும். அந்த இடத்தை எங்கிருந்து எடுப்பது என்றால், நிற்கிற கார்களிடமிருந்து எடுங்கள். வியாபாரியையும் நடப்பவரையும் மோதவிட்டுப் பேசுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

நடை மேம்பாலம் கட்டிக் கொடுத்தும் ஏறாமல் குறுக்கே ஓடுகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. சாலைக்கு மேல் 5.5 மீட்டர் உயரம் காலியாக விட்டுத்தான் பாலம் கட்ட வேண்டும். படி ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும், எதிரே இருபது மீட்டரில் தெரியும் கடைக்குப் போக. லிஃப்ட் இருந்தாலும் பூட்டிக் கிடக்கும் பாலங்கள் எத்தனையோ. சர்க்கரை நோயாளியும் கர்ப்பிணியும் மூட்டை தூக்குபவரும் அதில் ஏறவில்லை என்றால் அது அடம்பிடிப்பது ஆகாது. பாலமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிற ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ரயில் நிலையத்தில் எப்படியும் படி ஏறியாக வேண்டும், ஏறிய உயரத்திலேயே நேராகப் போய்ப் பஸ்ஸைப் பிடிக்கலாம், கீழே நெரிசலும் இல்லை. நடப்பவரின் வழியோடு ஒத்துப்போகிற இடத்தில் பாலம் சரி. மற்ற இடங்களில் தரையிலேயே கடக்க வழி வேண்டும். மேடாக்கிய கடவை, ஒரு முதியவர் கடந்து முடிக்கும் அளவுக்குப் பச்சை விளக்கு, நடுவில் நிற்க ஒரு திட்டு. வண்டிகளின் வேகமும் குறைய வேண்டும். ஆட்களும் வண்டிகளும் கலந்து போகிற தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது.

நடைபாதை நன்றாக இருந்தால் பைக் ஏறிவிடுகிறதே என்று கேட்பீர்கள். ஏறுகிறது, உண்மைதான். அதைத் தடுக்க நுழைவில் தூண் நட்டு வைக்கிறார்கள். ஆனால் சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழையும், மோட்டார் சைக்கிள் நுழையாத அளவுக்கு நெருக்கினால் சக்கர நாற்காலி வெளியே நிற்கும். கல்லை நட்டுத் தீர்க்கிற காரியமில்லை இது. நடைபாதையில் வண்டி ஓட்டக் கூடாது, நிறுத்தக் கூடாது என்பது ஏற்கெனவே விதி. ஹெல்மெட் இல்லாதவரைக் கேமரா பிடிக்கிறது, நடைபாதையில் ஏறுபவரையும் பிடிக்க முடியும். ஒழுங்கு வேண்டும் என்று கேட்பவர்கள் அதை முதலில் எஞ்சினை வைத்திருப்பவரிடம் கேட்கட்டும்.

நான் கேட்பது பெரிய மாற்றமும் இல்லை. அடுத்த முறை மாநகராட்சி நடைபாதைக்கு டெண்டர் விடும்போது 'இத்தனை கிலோமீட்டர்' என்பதோடு, 'இறங்காமல் நடக்க முடிகிற தூரம்' என்ற அளவையும் சேர்த்து, அதைப் பார்த்துப் பணம் கொடுக்கட்டும். ஒரு தெருவின் முனையில் சக்கர நாற்காலியை வைத்து மறுமுனை வரை தள்ளிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே வேலை முடியவில்லை. பொறியாளரும் கவுன்சிலரும் கூடவே நடந்து வந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. உங்கள் பகுதியில் கூட்டம் நடந்தால் போய், உங்கள் தெருப் பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை ஓர் ஏழு வயதுப் பிள்ளை ஒரு தடவைகூட ரோட்டில் இறங்காமல் போக முடியுமா என்று கேளுங்கள். கூட்டம் நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று கேளுங்கள். சென்னைக்காரர்கள் 1913-க்குப் போன் செய்து உடைந்த மூடி இருக்கும் இடத்தைச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வோட்டு கேட்டு யார் வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள், முடிந்தால் அவரை உங்கள் தெருவில் அந்த அரைக் கிலோமீட்டர் நடக்க வையுங்கள்.